அசலும் வட்டியும்

மாயக்கதை நாவல்களைப் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. ஒன்று, ‘இது ஏற்கெனவே வந்ததுதான்.’ மற்றது, ‘எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் என்ன?’ முதலாவதைச் சொல்பவர் தன்னை விமர்சகராக நினைத்துக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் தன்னை யாருக்கும் கட்டுப்படாத வாசகராக நினைத்துக்கொள்கிறார். இரண்டுமே பேச்சை நிறுத்துவதற்காகச் சொல்லப்படுபவை. யதார்த்த நாவல் என்றால் இந்தச் சௌகரியம் கிடையாது. மழை பொய்த்த கிராமத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதினால் ஒருவர் மற்றவரைத் திருடினார் என்று யாரும் சொல்வதில்லை. கிராமம் பொது, மழை பொது. பூதம் காக்கும் குகை, பேசும் பதுமை, மூழ்கிய நகரம் என்று வந்துவிட்டால் மட்டும், முதலில் எழுதியவர் யார் என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

தேவனாம்பட்டினத்தில் குடியிருப்பவனுக்கு உரிமை, எல்லை என்ற சொற்களைக் கேட்டதும் ஒரு பீரங்கி ஞாபகம் வரும். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னராயிருந்த எலிஹு யேல் காலத்தில் அது செயின்ட் டேவிட் கோட்டை ஆயிற்று. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒப்பந்தத்தில் கண்ட அளவு விசித்திரமானது: கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உழுதுகொண்டிருந்தவனிடமும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனிடமும் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையை இடித்தார்கள். கெடிலம் கடலில் சேருமிடத்துக்கு அருகே இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் செங்கல்தான். குண்டு விழுந்ததால் வந்த பெயர் மட்டும் இடியவில்லை.

இலக்கியத்தில் சுயத்தன்மை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்தப் பீரங்கிக் கணக்குத்தான். முதலில் சுட்டவன் பேரில் பட்டா.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இந்த வியாதி இருக்கவில்லை. அவர்கள் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்தார்கள். ஆனால் முதல்நூல் செய்வதற்கு அவர்கள் விதித்த தகுதி, வினையிலிருந்து நீங்கிய அறிவு. அதாவது, கடவுளுக்கு மட்டும் அந்தப் பதவி, மனிதனுக்கு வழிநூல். வழிநூலிலும் தொகுப்பது, விரிப்பது, தொகுத்து விரிப்பது, மொழிபெயர்ப்பது என்று தொல்காப்பியம் நான்கு வழி சொல்கிறது. மொழிபெயர்ப்புக்கும் கௌரவமான ஸ்தானம். கம்பன் தன்னை வான்மீகியின் வழிவந்தவனாகச் சொல்லிக்கொள்ளக் கூசவில்லை. சுயத்தன்மை என்பது படைப்பாளியின் கற்பு என்கிற எண்ணம் நமக்கு அச்சு யந்திரத்தோடும் கல்லூரிப் படிப்போடும் வந்து சேர்ந்தது. வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வந்த வழி தெரிந்திருப்பது நல்லது.

தமிழில் ‘அசல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நகலுக்கு எதிர்ப்பதமாக அதைப் பயன்படுத்துகிறோம்; அசல் சரக்கு, அசல் கையெழுத்து. அதே சொல்லை வட்டிக்கும் எதிர்ப்பதமாகப் பயன்படுத்துகிறோம். இந்த இரண்டாவது பிரயோகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடன் வாங்கியவனுக்கு அசல் என்பது அடுத்தவன் பணம். அவனுடைய சொந்த உழைப்பிலிருந்து போவது வட்டி. சொல்லே அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த கைமாற்று என்பது வேறு வேடிக்கை. எழுத்தாளனிடம் ‘உன் அசல் எது’ என்று கேட்பதைவிட, ‘வாங்கியதற்கு என்ன வட்டி கட்டினாய்’ என்று கேட்பதே நியாயமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே, திருப்பாதிரிப்புலியூரில், 1906-ல் பிறந்தவர் புதுமைப்பித்தன். (சிறுவயதிலேயே திருநெல்வேலிக்குப் போய்விட்டவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதும் குண்டு விழுந்த கணக்கில்தான் சேரும்.) ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களுக்குத் தமிழ்ப் பெயரும் ஊரும் சூட்டி உலவவிட்ட காலத்தை அடுத்து எழுத வந்த அவர், தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று தீவிரமாக வாதாடினார். அவருடைய ஆரம்பக் கதைகளில் சில மாப்பசானின் தழுவல்கள் என்ற குற்றச்சாட்டு அவர் இறந்த பிறகு எழுந்து, பல ஆண்டுகள் ஓடியது. ரகுநாதன் புத்தகமே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கில் எந்தக் கட்சி ஜெயித்தது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தழுவல் என்று சொல்லப்படும் அந்தக் கதைகளைப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்: அவை சோனியானவை. வாங்கியதால் சோனியாகவில்லை, வாங்கியதை அப்படியே பையில் வைத்துக்கொண்டதால் சோனியாகிவிட்டன. கடன் வாங்கியதை மறைப்பது வாசகனுக்குச் செய்யும் துரோகம் என்பதையும் நான் மறுக்கவில்லை. மூலம் இது என்று தெரிந்தால் அவன் போய் அதைப் படித்திருப்பான். அந்த வாய்ப்பு பறிபோகிறது. அது நாணயம் பற்றிய பிரச்னை. படைப்பு பற்றிய பிரச்னை அதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது.

அதே புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை (1818) ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் சுருக்கித் தமிழாக்கியிருக்கிறார். பிணங்களிலிருந்து எடுத்த உறுப்புகளை ஒட்டவைத்து ஒருவன் உயிர் கொடுக்கிற கதை. தழுவலை ஏசிய ஒருவர் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இந்த விவகாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாவல் எனக்குத் தெரியாது. உறுப்புகளை ஒட்டியதற்காக விக்டர் பிராங்கன்ஸ்டைன் மீது நமக்குக் கோபம் வருவதில்லை. எழுந்து நின்றதைப் பார்த்து அருவருத்து ஓடிப்போனானே, அதற்காகத்தான் கோபம் வருகிறது. தான் சேர்த்து ஒட்டியது தன்னைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது நின்று பதில் சொல்லாதவன் அவன். மாயக்கதை எழுதுகிற பலர் இந்த ஓட்டத்தை ஓடியவர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மாயக்கதைச் சரக்குகளில் எனக்கு ஒன்றின்மேல் தீராத மோகம் உண்டு: கடல் கொண்ட நகரம். சிறுவயதில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையில் முப்பத்திரண்டு பதுமைகளும் படிக்குப் படி சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். அம்புலிமாமாவை எழுத்துக் கூட்டிப் படித்தவன். அவற்றின் பெரும்பகுதி மறந்துவிட்டது. மூழ்கிய நகரம் மட்டும் மறக்கவில்லை. இறையனார் களவியலுரை, இரண்டாம் சங்கம் கபாடபுரத்தில் இருந்ததாகவும் கடல் அதைக் கொண்டுபோனதாகவும் சொல்கிறது. மணிமேகலையில் புகார் போகிறது. 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்தின் சுவடுகள் காணப்படுவதை விளக்குவதற்காக ஒரு மூழ்கிய நிலப்பரப்பை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். குரங்கின் உறவுக்காரப் பிராணி ஒன்றுக்காக உண்டான கண்டத்தை நாம் எடுத்துக் குமரிக்கண்டத்தோடு பிணைத்துக்கொண்டோம். விஞ்ஞானம் அந்த ஊகத்தைக் கைவிட்டு வெகு காலமாகிறது. நாம் விடவில்லை. இழந்தது எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெருமை என்பது நமது கணக்கு.

நாற்பதுகளில் புதுமைப்பித்தன் ‘கபாடபுரம்’ என்று ஒரு கதை எழுதினார். பிறகு நா. பார்த்தசாரதி ‘கபாடபுரம்’ என்று ஒரு நாவல் எழுதினார். ஒரே பெயர், ஒரே கையிருப்பு. நா.பா.வுடையதில் இளைய பாண்டியன் சாரகுமாரன் இருக்கிறான், இசைபாடும் பெண் கண்ணுக்கினியாள் இருக்கிறாள், நகரத்தின் வனப்பு இருக்கிறது. எல்லாம் துடைத்துவைத்த பாத்திரங்கள்போல் இருக்கின்றன. புதுமைப்பித்தனுடையது சமன் இல்லாதது. சொல்லிக்கொண்டு போகிறவனே தான் காண்பதை நம்பலாமா என்று தவிக்கிற கதை. அதன் உள்ளே போனவன் முழுசாகத் திரும்பிவந்தான் என்று சொல்ல முடியாது. இரண்டில் எது முதலில் வந்தது என்பதால் நான் ஒன்றை உயர்த்திச் சொல்லவில்லை. தேதி மாறியிருந்தாலும் என் அபிப்ராயம் மாறியிராது. 1997-ல் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ வந்தது. அதுவும் வெள்ளத்தில் முடிகிற நகரத்தைப் பற்றியதுதான். ஒரு காலத்தில் கண்ணெதிரே நடந்த அற்பமான சம்பவம் அடுத்த காலத்தில் புராணமாக ஊதிப்பெருத்து நிற்பதை அந்த நாவல் காட்டுகிற விதம், வாங்கிய சரக்குக்குக் கட்டிய வட்டி. நீளத்தைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. அது இங்கே தேவையில்லை.

மேற்கிலும் இதே கடல்தான். பிளேட்டோ அட்லாண்டிஸை மூழ்கடித்தார். டோல்கீன் தன் நூமனோரை மூழ்கடித்தார். 1937-ல் வந்த ‘ஹாபிட்’ நாவலில் குள்ளர்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் பாட்டொன்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டவர் அவர். அதை யாரிடமும் மறைக்கவுமில்லை. ஆனால் நூமனோர் விஷயத்தில் அவர் சொல்லியிருப்பது வேறு மாதிரியானது: ஊரை மூடிக்கொண்டு வரும் பேரலை ஒன்று பல வருஷங்கள் அவருடைய தூக்கத்தில் திரும்பத் திரும்ப வந்ததாம். பிளேட்டோவிடமிருந்து வந்தது அவர் கனவாயிற்றா, கனவு பிளேட்டோவைத் தேடிப் போயிற்றா? அவருக்கே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. எது சொந்தம், எது இரவல் என்ற கோடு தூக்கத்துக்குள் செல்லுபடியாவதில்லை.

ரசனை விஷயமும் அப்படித்தான். க.நா.சு. ரசனையே விமர்சனத்தின் ஆதாரம் என்றார், பட்டியல் போட்டார், காரணம் கேட்டவர்களுக்குப் படித்துப்பார் என்றார். 1959-ல் ‘எழுத்து’ தொடங்கிய செல்லப்பா, பிரித்து அலசிக் காட்டு என்றார். நான் பாதித் தூரம் க.நா.சு.வோடு போகிறவன். பிடிப்பது என்ற ஒன்று முதலில் நிகழாமல் அலசலுக்கு வேலையே இல்லை. ஆனால் மாயக்கதையில் மட்டும், பிடிப்பதோடு நின்றுவிட முடியாது என்பது என் கட்சி. யதார்த்த நாவல் தவறினால் என் அனுபவம் அதைத் திருத்தும். உழவனை அப்படி எழுதினால் நம்ப மாட்டேன். மூழ்கிய நகரத்தை எதனோடு ஒப்பிடுவது? என் ஆசையோடுதான். அளவுகோல் ஆசை ஒன்றுதான் என்றால், அந்த அளவுகோலைத் தயாரித்தது யார் என்று திருப்பிப் பார்க்காமல் எப்படி அளப்பது?

கடல் எங்கள் ஊருக்குள் வந்தது 2004 டிசம்பர் 26 காலை. கடலூர் மாவட்டத்தில் 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தேவனாம்பட்டினத்தில் ஏராளம். சில்வர் பீச்சில் இன்று வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்பவர்களுக்கு அந்த மணலில் அன்று என்ன கிடந்தது என்று சொல்லி நான் மாலையைக் கெடுப்பதில்லை. சொல்ல வந்தது வேறு. அதன்பிறகு கொஞ்ச காலம் கழித்து, மணிமேகலையில் புகார் அழியும் இடத்தை மறுபடி படித்தேன். மகனைத் தேடித் துயரில் கிடந்த சோழன் இந்திர விழாவை மறந்துவிடுகிறான், தெய்வத்தின் சாபம், கடல் வருகிறது. பல தடவை படித்த இடம்தான். இந்தத் தடவை ஒரு சாதாரணக் கேள்வி குறுக்கே நின்றது: விழாவை மறந்தவன் அரசன், செத்தவர்கள் யார்? மருவூர்ப்பாக்கத்துப் பரதவர்கள் என்ன மறந்தார்கள்? பிளேட்டோவிடம் போனால் அட்லாண்டிஸ்காரர்களின் அகந்தை. டோல்கீனிடம் போனால் நூமனோர் அரசனின் அகந்தை. கடல்கோள் என்ற சரக்கை யார் யாரிடம் வாங்கினாலும் அதன் அடியில் ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது: மூழ்கியவர்கள் மூழ்கத் தகுந்தவர்கள்.

இந்தத் தீர்ப்பைத்தான் இத்தனை வருஷமாக நான் ரசித்துக்கொண்டிருந்தேனா? கோபுரத்தின் உச்சி மட்டும் அலைக்கு வெளியே தெரியும் அந்தக் காட்சியின் கம்பீரம், கோபுரத்தின் கீழே இருந்தவர்களைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்ற உத்தரவாதத்தோடு சேர்ந்துதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பீரம் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்றும் அது என்னை அசைக்கிறது. ஆனால் அதை ‘என் ரசனை’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. அது என்னால் உண்டானதல்ல. கரையில் குடியிருக்காதவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் உண்டாக்கி என்னிடம் கொடுத்தது.

வட்டி என்று நான் சொன்னது இதைத்தான். ‘சாப விமோசனம்’ (1943) கதையில் புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டது அகலிகை. அதைவிடப் பழைய சரக்கு கிடையாது. கல் பெண்ணாவதைவிடப் பெரிய மாயமும் கிடையாது. அவர் புதிதாக ஒரு பூதத்தைச் சேர்க்கவில்லை. ராமன் கால் பட்டு எழுந்தவள், பிறகு ஒருநாள் சீதை வாயாலேயே தீக்குளித்த விஷயத்தைக் கேட்கிறாள். மறுபடி கல்லாகிறாள். அவ்வளவுதான் மாற்றம். பழைய கதைக்குள் பதுங்கியிருந்த தீர்ப்பை, தீர்ப்பு யார்மேல் விழுந்ததோ அவளையே எடைபோடச் செய்துவிட்டார். இது நாவல் இல்லை என்று யாராவது சொல்லலாம். ஆயிரம் பக்கத்தில் புதுப்புது ராஜ்யங்களுக்குப் பெயரும் நாணயமும் வரைபடமும் உண்டாக்குகிற நாவல்கள் பல, இந்தச் சில பக்கங்கள் பார்த்த இடத்தைப் பார்த்ததில்லை. புதிய தேசங்களில் பழைய தீர்ப்பே ஆட்சி செய்கிறது: அழகானவன் ராஜாவின் மறைந்த மகன், அவலட்சணமானவன் துரோகி. காதின் நுனி கூர்மையாக இருப்பதெல்லாம் சுயத்தன்மையில் சேராது.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சில வருஷங்களாக ஒரு மாயக்கதை நாவல் எழுதிவருகிறார். கெடில முகத்துவாரத்தில் இருந்து மூழ்கிய ஒரு நகரம், அதில் அரசன் செய்த பாவம், அலை. முதல் பிரதியைப் படித்த இலக்கிய நண்பர் ஒருவர், இது விஷ்ணுபுரத்தின் நிழல் என்று ஒரே வரியில் திருப்பிக்கொடுத்துவிட்டார். முகநூலில் படித்த வேறு சிலர் அருமை என்று எழுதினார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அவருக்குக் கிடைத்துவிட்டன. இரண்டாலும் அவருக்கு உபயோகமில்லை. பிறகு என்னிடம் வந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, அரசன் பாவம் செஞ்சான், சரி. அவன் அரண்மனை மேட்டுல இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அலையில போனது குப்பம். அவங்க என்ன செஞ்சாங்க?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது எனக்கு இன்றுவரை இடறலாக இருக்கிறது. “எங்க ஆயா அப்படித்தான் சார் சொல்லுச்சு. ஊர்ல பாவம் பெருத்துப்போச்சு, அதான் கடலம்மா வந்துட்டான்னு. ரெண்டு பேரப்பசங்கள குடுத்துட்டு அது அப்படி சொல்லுச்சு. நான் மணிமேகலை படிச்சதில்ல சார்.”

ஆக, நான் நூல்களில் தேடிப் பிடித்த தீர்ப்பு, நூல் வாசனையே படாத கிழவியின் வாயில் இருக்கிறது. அவளுக்கு அது இரவல் இல்லை. காரணமே இல்லாமல் இரண்டு குழந்தைகள் போனார்கள் என்பதைவிட, பாவத்தால் போனார்கள் என்பது அவளால் தாங்கக்கூடியது. அதைப் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு நான் என்ன கொடுப்பேன்? கரையில் குடியிருக்காதவர்கள் உண்டாக்கியது என்று மேலே எழுதியதை நான் அழிக்கவில்லை. ஏட்டில் இருக்கும் தீர்ப்புக்கும் அந்த ஆயாவின் தீர்ப்புக்கும் வித்தியாசம் உண்டு: ஏடு அடுத்தவர்மேல் சொல்கிறது, அவள் தன்னையும் சேர்த்துச் சொல்கிறாள். ஆனால் அவளுடைய சொற்களை அப்படியே எடுத்து ஒரு நாவலின் அஸ்திவாரமாகப் போட்டுவிட்டால், அது மறுபடியும் ஏட்டின் தீர்ப்பாகிவிடும் அபாயம் இருக்கிறது. இந்த இடத்தில் எழுத்தாளனுக்கு யாரும் வழி சொல்ல முடியாது என்று நினைக்கிறேன், நானும் சொல்லவில்லை.

அவர் நாவலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். அரசன் இருக்கிறான், அலை இருக்கிறது; நிழல் என்று சொன்ன நண்பர் இப்போதும் அப்படித்தான் சொல்வார். புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்திருக்கிறது. அலை வடிந்த மூன்றாம் நாள், மேட்டில் சத்திரத்துத் திண்ணையில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி பாவம் என்கிறாள். மற்றவள், தன் பிள்ளைக்கு ஐந்து வயது என்கிறாள். வரிசை நகர்கிறது, இருவரும் தட்டை ஏந்துகிறார்கள். மந்திரமில்லை, கோபுரமில்லை, எனக்குப் பிடித்த கம்பீரம் கொஞ்சமும் இல்லை. அதைவிட அவருடைய பழைய பிரதியில் இருந்த முழுகும் கோபுரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்க விரும்புவேன். ஆனால் நாவலைக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்த அத்தியாயத்தை.